அயிரைக்கு மணல்

பிளாஸ்டிக் டம்ளரைக் கல்லுக்குள் செருகி ஒரு நெம்பு நெம்பினேன். மீன் தொட்டியின் பின்மூலை அது. பத்துப் பதினோரு வருடமாக யார் கையும் படாத இடம். அடியிலிருந்து கொப்புளம் ஒன்று கிளம்பி வந்து மேலே உடைந்தது. அவ்வளவுதான், கூடம் முழுக்க அழுகிய முட்டை வாடை. அடுக்களையிலிருந்து என் மனைவி, "ஏங்க, முட்டையை எங்கயாச்சும் மறந்து வெச்சிட்டீங்களா?" என்று குரல் கொடுத்தாள்.

எனக்கு அந்த நொடியில் கிணறு ஞாபகம் வந்தது. பாலாற்றங்கரையில் எங்கள் தாத்தா வீட்டுக் கிணறு. சித்திரை வெயிலில் தூர் எடுக்கும்போது, கயிற்றில் கட்டிய கூடையில் ஏறி வரும் கறுப்புச் சேற்றுக்கு இதே வாடைதான். முழங்கை வரை தண்ணீருக்குள் விட்ட கையோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிளாட்டி ஒன்று வந்து கைமுடியைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

இந்த வேலையில் நான் இறங்கியதற்குக் காரணம் ஆறு அயிரை மீன்கள். என் மனைவிக்கு மதுரைப் பக்கம். அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். கல்யாணம் முடிந்த மறுநாள், மாப்பிள்ளை வந்திருக்கிறாரே என்று அத்தை அயிரை வாங்கி வரச் சொல்லியிருந்தார். அயிரையை உயிரோடு வாங்குவதுதான் அங்கே வழக்கம். தூக்குவாளித் தண்ணீரில் நெளிந்துகொண்டே வந்து சேர்ந்தன. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மணல் நிறத்து உடம்பில் கறுப்புப் புள்ளிகள், வாயைச் சுற்றிக் குட்டிக் குட்டி மீசை. அயிரை மண்ணுக்குள் புகுந்து வாழ்கிற மீன் என்பதால் அதன் வயிற்றிலும் மண் இருக்கும். பாலில் கொஞ்ச நேரம் விட்டால் மண்ணைக் கக்கிவிடும் என்பார்கள். பிறகு கல் உப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவிக் குழம்பு வைப்பார்கள். அத்தை பாலை ஊற்றப் போன நேரத்தில் என் மகள் குனிந்து பார்த்துவிட்டாள்.

"அம்மாச்சி, இது லோச்சு! எங்க டேங்க்ல விடறதுக்குக் கடையில காசு குடுத்து வாங்குவாங்க."

"குழம்புக்கு வாங்குனதும் காசு குடுத்துத்தாண்டி" என்றார் அத்தை.

ஆனாலும் பேத்தி கேட்டால் இல்லையென்று சொல்கிற அம்மாச்சி உலகத்தில் உண்டா? ஆறு அயிரைக்கு உயிர்ப்பிச்சை கிடைத்தது. மற்றவை குழம்பாயின. அதையும் நாங்கள் எல்லோரும், மகள் உட்பட, மூன்று கரண்டிச் சோற்றுக்குக் குறையாமல் சாப்பிட்டோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இரவு ரயிலில் மூடியில் துளை போட்ட டப்பாவில் ஆறும் சென்னைக்கு வந்தன. அயிரை வகை மீன்கள் மேலே வந்து காற்றையே ஒரு வாய் விழுங்கிவிட்டுக் கீழே போகக்கூடியவை. குறைந்த தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். காலையில் பார்த்தால் ஆறும் தெம்பாக இருந்தன.

தொட்டியில் விட்ட பிறகுதான் வினை. எங்கள் தொட்டியின் அடியில் கிடந்தது நீலச் சாயம் பூசிய உடைகல். மகள் முதல் வகுப்பு படித்தபோது அவளே கடையில் கை காட்டி வாங்கியது. சிறு பிள்ளைக்கு நீலம்தானே கடல். அயிரைகள் இறங்கிய வேகத்தில் தலையைக் கல்லுக்குள் முட்டின. புக முடியவில்லை. இன்னோரிடம் போய் முட்டின. அங்கேயும் முடியவில்லை. இரண்டு நாள் இப்படி முட்டி மோதிவிட்டு, குழாயின் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய விறகு மாதிரி ஒண்டிக்கொண்டன. ஒரு மாதத்தில் இரண்டு மீனுக்கு மீசை தேய்ந்து குட்டையாகிவிட்டது. கீழே மேயும் மீனுக்கு மீசைதான் கண்ணும் நாக்கும். கூரான கல்லும் கல்லிடுக்கு அழுக்கும் சேர்ந்தால் அது புண்ணாகித் தேய்ந்துபோகும்.

"அப்பா, மணல் போடணும்" என்றாள் மகள்.

அவள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஓடிக்கொண்டிருக்கிற தொட்டியின் அடியில் கை வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

என் சிறு வயதில் நடந்தது. அப்போது அயனாவரத்தில் குடியிருந்தோம். அப்பா என்னை மூர் மார்க்கெட்டுக்கு அழைத்துப்போய், பழைய புத்தகம் தேடி முடித்த கையோடு, இரண்டு ஏஞ்சலும் ஐந்து கறுப்பு மோலியும் வாங்கித் தந்தார். 1985-ல் அந்த மார்க்கெட் எரிந்துபோவதற்குச் சில வருடம் முன்னால். புத்தகம், பாட்டுத் தட்டு, புறா, முயல், கலர் மீன் எல்லாம் ஒரே கூரைக்குள் கிடைத்த இடம் அது. பையன்களுக்கு அதைவிடப் பெரிய சொர்க்கம் மெட்ராஸில் கிடையாது. தொட்டி, இரும்பு ஆங்கிள் சட்டத்தில் கண்ணாடி பதித்து மக்கு வைத்து அடைத்தது. இப்போது போல சிலிக்கோன் பசை அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. சட்டத்துக்குப் பச்சை பெயின்ட். மக்கு விட்டுப்போய் அவ்வப்போது ஒழுகும். அம்மா அடியில் பழைய போர்வையை மடித்துப் போட்டிருந்தாள். மூலையில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் பஞ்சு, அதிலிருந்து குமிழி. காற்று மோட்டார் வண்டு மாதிரி இரவெல்லாம் ரீங்காரம் இடும். அடியில் கூழாங்கல், தாத்தா ஊரிலிருந்து ஒரு பை நிறையப் பொறுக்கி வந்தது.

ஒன்றரை வருடம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு போகி வந்தது. வீடே வெள்ளையடித்துப் பளிச்சென்று இருக்க, என் தொட்டி மட்டும் பாசி பிடித்துப் பழுப்பாக நின்றது. பெரியம்மா ஊரிலிருந்து வந்தவர், "என்னடா இது, சாக்கடையை உள்ள கொண்டாந்து வெச்சிருக்க?" என்று கேட்டுவிட்டார். ரோஷம் வந்துவிட்டது. மீன்களைப் பக்கெட்டில் பிடித்துப் போட்டேன். கல் முழுவதையும் வாரி அண்டாவில் கொட்டி, வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். அழுக்குத் தண்ணீர் வர வர ஊற்றிக்கொண்டே இருந்தேன். பஞ்சைத் தூக்கி எறிந்து புதுப் பஞ்சு வைத்தேன். கண்ணாடியைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். குழாய்த் தண்ணீரை நிரப்பி, குளோரின் போவதற்காகக் கடையில் சொன்னபடி ஹைப்போ கட்டி இரண்டும் போட்டேன். தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. பெரியம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன்.

மூன்றாம் நாள், மாட்டுப்பொங்கல் தாண்டிய காலையில், ஏஞ்சல்கள் இரண்டும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கின. செவுள் சிவந்து வெளியே தெரிந்தது. சாயங்காலம் ஒன்று போனது. மறுநாள் இன்னொன்று. பிறகு மோலிகள் ஒவ்வொன்றாக. அம்மா எதுவும் சொல்லாமல் முருங்கை மரத்தடியில் குழி தோண்டினாள். நான் சாப்பிடவில்லை.

தெருமுனையில் ஒரு அண்ணன் கலர் மீன் கடை வைத்திருந்தார். கொளத்தூர்ப் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் சிமென்ட் தொட்டி கட்டி மீன் குஞ்சு எடுப்பவர்களிடம் வாங்கி வந்து விற்பார். அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். ஹைப்போ சரியில்லை போல என்றேன்.

"ஹைப்போவ உடு. கல்ல கழுவினியா?"

"ஆமாண்ணே. வெந்நீர்ல."

"பஞ்சு?"

"புதுசு போட்டேண்ணே."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "உங்க வூட்ல புதுத் தோசக்கல்லு வாங்குனா மொத நாளே தோசை சுடுவாங்களா? பழக்குவாங்கல்ல? தொட்டியும் அப்படித்தான் தம்பி. பழகுன கல்ல நீ சொரண்டிப் புதுக் கல்லாக்கிட்ட. அப்புறம் மீனு எங்க தங்கும்?"

நுண்ணுயிர், நைட்ரஜன் என்ற பேச்சே இல்லாமல் அந்த அண்ணன் சொன்னதுதான் முழு விஞ்ஞானமும். பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டது இவ்வளவே: மீன் தின்று கழிப்பதிலிருந்தும் அதன் செவுளிலிருந்தும் அமோனியா வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். அமோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவது குறைவு. கல், பஞ்சு, கண்ணாடி என்று எதன் மேலாவது வழுவழுப்பாகப் படிந்து குடித்தனம் நடத்துபவை. மெதுவாகப் பெருகுபவை. புதுத் தொட்டியில் அவை நிலைகொள்ள 4 முதல் 6 வாரம் ஆகும். நான் வெந்நீர் ஊற்றிக் கழுவியது அவற்றைத்தான். போதாததற்கு எங்கள் ஊர்த் தண்ணீர் காரத்தன்மை கூடியது. காரம் ஏற ஏற அமோனியாவின் கடுமையும் ஏறும். ஏஞ்சல்களுக்குத் தப்பிக்க வழியே இருந்திருக்காது.

அதே வருடம் கோடை விடுமுறைக்குத் தாத்தா ஊருக்குப் போனபோதுதான் கிணறு தூர் எடுத்தார்கள். அன்றைக்கு எனக்கு அது வெறும் வேடிக்கை. கமலைக் கிணறாக இருந்து, பம்புசெட்டு வந்த பிறகும் கமலைக்கல் அப்படியே நின்ற கிணறு. தண்ணீரை முக்கால்வாசி இறைத்துவிட்டு நாலு பேர் உள்ளே இறங்கினார்கள். முதலில் மீன்களைப் பிடித்துக் கூடையில் அனுப்பினார்கள்: நாலைந்து கெண்டை, மீசை வைத்த கெளுத்தி ஒன்று, வீட்டில் எல்லோரையும்விட வயதானது என்று பாட்டி சொல்லும் ஓர் ஆமை. எல்லாவற்றையும் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றிய பித்தளை அண்டாக்களில் விட்டோம். ஆமையைக் காவல் காக்கும் பொறுப்பு எனக்கு.

பிறகு சேறு வந்தது. மேலே பழுப்பு, அதற்கடியில் சாம்பல், அதற்கும் அடியில் மைக் கறுப்பு. அந்தக் கறுப்பு ஏறும்போதுதான் முட்டை வாடை. காற்றுப் புகாத இடத்தில் இலையும் தழையும் அழுகினால் வருகிற வாடை அது. பெரியவர்கள் அதை வாடையாகவே பார்க்கவில்லை. மாமா ஒருவர் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்து, "நல்ல வண்டலு. வாழைக்குப் போடு" என்றார். கூடை கூடையாக வாழைக்குப் போனது. கீழே மணல் தெரிந்தது, ஊற்றுக்கண் தெரிந்தது. உள்ளே நின்றவர், "ஐயா, மணலயும் வாரிடவா?" என்று கேட்டார். தாத்தா மேலேயிருந்து, "அது கெடக்கட்டும். அதுதான் தண்ணியக் குடுக்குது" என்றார்.

அன்று மாலையே தண்ணீர் ஊறத் தொடங்கிவிட்டது. கலங்கல் தண்ணீர். நான் ஆமையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தாத்தா தடுத்துவிட்டார். தெளியட்டும் என்றார். நெல்லிக்கட்டையைக் கல்லோடு சேர்த்துக் கட்டி இறக்கினார்கள். பாட்டி குடிக்கிற தண்ணீர்ப் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசி, கலங்கலைப் பானைக்குள்ளேயே படியவைத்தாள். நாலைந்து நாள் மீன்கள் அண்டாவிலேயே கிடந்தன. தினம் கொஞ்சம் புதுத் தண்ணீரை அண்டாவில் ஊற்றி, கொஞ்சம் பழைய தண்ணீரை எடுக்கச் சொன்னார் தாத்தா. எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் சொல்லத் தெரிந்திருக்குமோ என்னவோ. அவருடைய அப்பா அப்படிச் செய்தார், அவரும் செய்தார்.

அந்தக் கிணற்றுக்கு இப்போது சிமென்ட் பலகை போட்டு மூடியிருக்கிறார்கள். பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு. பாலாற்றில் அன்றைக்குக் கையால் ஒரு முழம் தோண்டினால் ஊற்று வந்த இடத்தில், மணல் அள்ளி அள்ளி, களிமண்ணும் சீமைக்கருவேலமும்தான் மிச்சம்.

மணல் என்றதும் இன்னொன்று. எங்கள் சிறு வயதில் வீடு கட்டுகிற தெரு என்றால் வாசலில் ஆற்று மணல் மலையாகக் குவிந்திருக்கும். மாலை முழுக்க அதில்தான் புரளுவோம். கிளிஞ்சல் பொறுக்குவோம். மீன் தொட்டிக்கு வேண்டுமென்றால் ஒரு பக்கெட் கேட்டால் மேஸ்திரி "எடுத்துக்கோடா" என்பார். இப்போது கட்டடம் கட்டுமிடத்தில் இருப்பது எம்-சாண்ட். கருங்கல்லை உடைத்து அரைத்தது. முனை கூராக இருக்கும், தூசி தூசியாக வரும். அயிரையின் வயிற்றுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்களில் போடுகிற ஃபில்டர் மணல் ஒரு மூட்டை வாங்கினேன். உருண்டை உருண்டையாக, பழுப்பு வெள்ளையில், ரவையைவிடக் கொஞ்சம் பெரிய மணிகள். எங்கள் தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். 2 அங்குல கனத்துக்கு ஏறக்குறைய 20 கிலோ மணல் வேண்டியிருந்தது. அதற்கு மேல் கனமாகப் போட்டால் அடியில் காற்றோட்டம் இல்லாமல் மறுபடி கறுப்புச் சேறுதான். ஒரு பிடி மணலை எடுத்து எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்தேன். நுரைத்தால் அதில் கிளிஞ்சலோ சுண்ணாம்போ இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும் என்று அர்த்தம். நுரைக்கவில்லை. மிச்சச் சாற்றில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டேன்.

கழுவுவதுதான் பெரும்பாடு. அரிசி களைவது போலத்தான். வாளியில் கொஞ்சம் மணல், மேலே தண்ணீர், கையால் ஒரு சுழற்று, கலங்கலைச் சாய்த்து ஊற்று. முதல் கழுநீர், இரண்டாம் கழுநீர் என்று போய் ஏழாவது எட்டாவதில்தான் தெளிந்தது. பாட்டி அரிசி அரிக்கும்போது மணிக்கட்டை ஒரு தினுசாக ஆட்டுவாள். அரிசி ஒரு பக்கம் போகும், கல் இன்னொரு பக்கம் நிற்கும். கடையில் கல் இல்லாத அரிசி வந்த பிறகு அந்த மணிக்கட்டு ஆட்டம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மொட்டை மாடியில் குந்தி உட்கார்ந்து அதை ஞாபகத்திலிருந்து வரவழைக்கப் பார்த்தேன். வரவில்லை.

இந்த முறை அவசரப்படவில்லை. தொட்டியின் அடியில் துளைகள் போட்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்று உண்டு. கல்லின் வழியாகத் தண்ணீரைக் கீழே இழுத்து, மூலைக் குழாய் வழியாக மேலே தள்ளும். அதாவது அந்த நீலக் கல்லே எங்கள் தொட்டியின் ஃபில்டர். மணலுக்கு அந்தத் தட்டு ஒத்துவராது. துளை வழியாக மணல் இறங்கி அடைத்துக்கொள்ளும். ஆகக் கல்லையும் எடுக்க வேண்டும், தட்டையும் எடுக்க வேண்டும். குடியிருப்பவர்களுக்கு வேறு வீடு பார்க்காமல் பழைய வீட்டை இடிக்க முடியுமா? இரண்டு ஸ்பான்ஜ் ஃபில்டர் வாங்கி, பழைய ஏற்பாட்டோடு சேர்த்து ஆறு வாரம் ஓடவிட்டேன். ஸ்பான்ஜ் பழுப்பேறி வழுவழுவென்று ஆனதும் எனக்கு நிம்மதி வந்தது. அந்த வழுவழுப்பைப் பார்த்து மகிழ்கிற ஆள் நான் ஒருவன்தான் என்பது என் மனைவியின் கணிப்பு.

பிறகு நாலு ஞாயிற்றுக்கிழமைகள். ஒவ்வொரு முறையும் தொட்டியில் கால்வாசிக் கல். கண்ணாடித் துண்டைத் தடுப்பாக நட்டு, அந்தப் பக்கத்துக் கல்லை மட்டும் டம்ளரால் வாரினேன். இன்னொரு கையில் டியூப், கிளம்புகிற அழுக்கை உடனே உறிஞ்சி வெளியேற்ற. டியூபை வாயால் இழுத்துத் தண்ணீரை வரவைக்கிறபோது, இந்த வயதிலும், ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. அந்தச் சுவையைப் பற்றி எழுத மாட்டேன்.

அழுக்கும் லேசுப்பட்டதில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, சென்னை முழுக்கத் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றபோது, குடிக்கவே அளந்து ஊற்றிய வீட்டில் மீன் தொட்டிக்கு யார் தண்ணீர் மாற்றுவது? வற்றிய அளவுக்கு ஊற்றினோம், அவ்வளவுதான். கல்லைக் கிளறிச் சுத்தம் செய்கிற பழக்கம் அப்போது விட்டுப்போனது, விட்டதுதான். அதற்கு முன்னால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் இல்லாமல் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தபோது, மகளும் நானும் மாறி மாறிச் சொம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி மீனுக்குக் காற்றுக் கொடுத்தோம். அந்த வருடங்கள் எல்லாம் கல்லுக்கடியில் அடுக்கடுக்காகப் படிந்திருந்தன. பழுப்பு, சாம்பல், கறுப்பு. கிணற்றில் பார்த்த அதே வரிசை.

இரண்டாவது வாரம் தட்டின் ஒரு துண்டை உடைத்துத் தூக்கியபோது, சேற்றில் பிளாஸ்டிக் மணி ஒன்று, பொம்மையின் கால் ஒன்று, அப்புறம் அரிசியைவிடப் பெரிதாக வெள்ளையாக ஏதோ. துடைத்துப் பார்த்தால் பல். பால் பல்.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு முதல் பல் விழுந்தபோது, கூரைமேல் எறிந்தால்தான் நல்ல பல் முளைக்கும் என்று ஊரிலிருந்து அம்மாச்சி போனில் சொல்லியிருக்கிறார். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. மேலே கூரை இல்லை, இன்னொருத்தர் வீடுதான். அவளாக யோசித்து, கூரை மாதிரி மூடி போட்டிருந்த மீன் தொட்டியைத் திறந்து உள்ளே போட்டிருக்கிறாள். நான் என் முதல் பல்லைத் தாத்தா வீட்டு ஓட்டுக் கூரையில் எறிந்தது ஞாபகம் இருக்கிறது. அது உருண்டு உருண்டு திரும்பிக் கீழேயே விழுந்தது. மறுபடி எறிந்தேன்.

எடுத்த கல்லில் இரண்டு பிடியைப் பழைய கொசுவலைத் துண்டில் முடிந்து தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டேன், பாக்டீரியாவுக்கு விதைநெல் மாதிரி. வேலை நடந்த நாட்களில் இரை பாதிதான் போட்டேன். மீன்களுக்குக் கோபம். ஃபில்டரை நிறுத்திவிட்டு, பிவிசி குழாயைத் தரையில் ஊன்றி அதன் வழியாக மணலை இறக்கினேன். மேலேயிருந்து கொட்டினால் தொட்டி பால் டிப்போ ஆகிவிடும். இத்தனை கழுவியும் கலங்கத்தான் செய்தது. நாட்டுமருந்துக் கடையில் தேத்தாங்கொட்டை பத்து ரூபாய்க்கு வாங்கி வந்தேன். மீனுக்கு ஆகுமா ஆகாதா என்று தெரியாமல் போட மனம் வரவில்லை. இன்னும் மஞ்சள்பொடி டப்பா பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் இரண்டு நாளில் தானாகத் தெளிந்தது.

தினமும் சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்போம். மஞ்சளாக நின்றால் அமோனியா இல்லை. மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை, மஞ்சளில் ஒரு பச்சைச் சாயல் தெரிந்தது. மகள் தெரியவில்லை என்றாள். எனக்குத் தெரிந்தது. ஏஞ்சல்களின் செவுள்தான் தெரிந்தது என்றுகூடச் சொல்லலாம். ஹைப்போ போட்டு வைத்திருந்த தண்ணீரில் கால் பங்கு மாற்றினேன். புதன் மறுபடி கால் பங்கு. அந்த வார ஞாயிறு கல்லைத் தொடவில்லை. வெள்ளிக்குள் மஞ்சளுக்குத் திரும்பியிருந்தும் இன்னொரு வாரம் சும்மா விட்டேன். அண்டா மீனுக்குத் தாத்தா செய்ததையேதான் நானும் செய்கிறேன் என்பது, வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடியில் நின்றபோது உறைத்தது. வெளியே எடுத்த தண்ணீர் எல்லாம் பால்கனிக் கறிவேப்பிலைச் செடிக்குப் போனது. அது ஒரு மாதத்தில் போட்ட தளிரைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா என்ன உரம் என்று கேட்டார்.

கடைசிக் கால்வாசியும் முடிந்த அன்று அயிரைகளைத் தேடினோம். குழாய் பின்னால் இல்லை. ஃபில்டர் அடியில் இல்லை. குதித்துவிட்டதோ என்று தொட்டிக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தோம். மகளுக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. சாயங்காலம் நாலு குருணை இரையைப் போட்டுவிட்டு மூவரும் கண்ணாடியில் மூக்கு வைத்து உட்கார்ந்தோம். மோலியும் பிளாட்டியும் வந்து தின்றுவிட்டுப் போயின. ஒரு குருணை மட்டும் மணலில் விழுந்தது.

அதன் பக்கத்தில் மணல் லேசாக அசைந்தது. கடுகு மாதிரி இரண்டு புள்ளி. கண்கள். பிறகு மீசை. குருணையை வாயில் கவ்விய மறுநொடி மணல் மூடிக்கொண்டது. கொஞ்சம் தள்ளி இன்னொரு ஜோடி. கண்ணாடி ஓரத்தில் ஒன்று, பாதி உடம்பு தெரிய. மகள் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணிக்கொண்டே வந்தாள். "ஆறு! ஆறும் இருக்குப்பா!"

என் மனைவியும் குனிந்து நன்றாக ஒருமுறை பார்த்தாள்.

"மணல்ல விட்டதும் கொஞ்சம் சதை போட்டிருக்கில்ல?" என்றாள்.

"அம்மா!" என்று மகள் போட்ட சத்தத்தில் ஆறும் உள்ளே போய்விட்டன.